ரேடியோ வாய் மூடிய இருபத்தோரு நாள்

அவரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரேடியோ என்பார்கள். ரேடியோவுக்காவது திருகி நிறுத்த ஒரு குமிழ் உண்டு, இந்த மனிதருக்கு அதுவும் கிடையாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் அது விழும். கோபப்படமாட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர் இவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் இவர் பிழைத்ததே வாயால்தான்.

பக்கத்து ஊரிலிருந்து வேலைக்காக வந்தவர். முதலில் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டி புறப்படும் நேரத்தை அறிவிக்கும் வேலை. அறிவிப்போடு நிறுத்தினாரா? "ஏழாம் நம்பர் வண்டி கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஆத்துப் பாலத்தைப் பாக்காதவங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க, இந்த வெயிலுக்குத் தண்ணி பச்சையா இருக்கும்" என்று சேர்த்துக்கொள்வார். ஜனங்கள் அதை நம்பிப் போய்ப் பாலத்தில் நின்றுவிடுவார்கள். வண்டி போய்விடும். புகார் மேல் புகார் வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதே வாரம் ஒரு சுற்றுலாக் கம்பெனி, ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்று அவரைத் தேடி வந்தது. வண்டியைத் தவறவிட்டவர்களில் ஒருவர் அந்தக் கம்பெனிக்காரராம்.

அன்று தொடங்கி இருபத்தைந்து வருஷம். காலை ஒன்பது மணிக்குச் சந்தை வாசலில் வேன் வந்து நிற்கும். இவர் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். சந்தை, மரப்பாலம், குன்றுப் படிகள், அங்கிருந்து இறங்கி ஆற்று வளைவு. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். பாலம் நூற்று நாற்பத்திரண்டு அடி. படிகள் இருநூற்றுப் பதினேழு. கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஆற்று வளைவில் ஒரு மொட்டைக் கோபுரம் நிற்கிறது. கோபுரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று ஆள் உயரத்தில், மேலே வாய் திறந்த ஒரு கல் கூடு. உள்சுவர் பூராவும் கரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பயணி அம்மாள், "உள்ள ஏன் இவ்ளோ கருப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். ரேடியோவுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்ற வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கமில்லை. "அது ஒரு பெரிய கதைம்மா" என்று இழுத்தார். இழுத்த நேரத்தில் கதை வந்துவிட்டது. ஒரு இளவரசி. ஆற்றுக்கு அக்கரையில் அவள் காதலன். அவன் வழி தவறிவிடக் கூடாதே என்று தினமும் சாயங்காலம் அவள் இங்கே தீ ஏற்றினாள். அந்தக் கரிதான் இது. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், இளவரசி நிலைத்துவிட்டாள். மூன்றாம் வருஷம் காதலனுக்கு ஒரு படகு கிடைத்தது. பத்தாம் வருஷம் அந்தப் படகு கவிழ்ந்தது. ஊர்க்காரர்களுக்கு உண்மை தெரியாதா என்றால், வயதானவர்களுக்குத் தெரியும்தான். கதை நன்றாக இருக்கிறதே, நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள்.

அவர் மனைவியைத் தையலம்மா என்று ஊர் அழைத்தது. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். முன்னறை ஜன்னலோரம் மெஷின். அவளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், புருஷன் உட்பட. ரேடியோ வீட்டிலும் பேசுவார், அவள் தைப்பாள். அவள் வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதனால்தான் பேசுவதில்லை என்று அவரே ஊருக்கு விளக்கமும் சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டை கட்டியது. கட்டியது மூன்று மாதமாகியும் விடவில்லை. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண் மேல் சின்னதாகச் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். எடுத்தும் விட்டார். பிறகுதான் குண்டைப் போட்டார்.

"இருபத்தோரு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னு பேசுறது இன்னும் கெடுதல். கனைக்கக் கூடாது. ம் கொட்டக் கூட வேண்டாம்."

"மீறிப் பேசிட்டா?" என்று தையலம்மா கேட்டாள். அவர் வாயைத் திறக்கப் போனதைப் பார்த்துவிட்டு, அவருக்காக அவள் கேட்டாள்.

"குரல் திரும்பி வராமலே போயிடலாம். பயமுறுத்தச் சொல்லல. இருபத்தோராம் நாள் கூட்டிட்டு வாங்க, எவ்ளோ வருதுன்னு பாப்போம்."

ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்தார். குரல் போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு மஞ்சள் கொடி.

அதோடு அது பள்ளி விடுமுறைக் காலம், தினமும் ஒரு வேன் வரும். கம்பெனி மேலாளர், கறார் பேர்வழி, போனிலேயே சொல்லிவிட்டார்: ஆள் இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான். பார்த்தால் அந்த ஆளே நிரந்தரம். ரேடியோ நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். தையலம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

அவர் சிலேட்டை எடுத்தார். பேச்சுக்குப் பதிலாக அவள் கடையில் வாங்கி வந்த சிலேட்டு. உனக்கு என்ன தெரியும் என்று எழுதினார்.

"இந்த ஊர்ல பொறந்தவ நான்" என்றாள். "நீங்கதான் வந்தவரு."

அன்று முழுக்க அவர் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். வருஷங்கள், அடிக்கணக்கு, எந்த இடத்தில் சிரிக்க வைக்க வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், இளவரசிக்கு மட்டும் ஆறு பக்கம். தையலம்மா அதை மரியாதையாக வாங்கிப் பைக்குள் வைத்தாள். கடைசி வரை வெளியே எடுக்கவில்லை.

முதல் நாள் பதினொரு பேர். அவள் முன்னால், கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் கடைசியில். மரப்பாலம் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பாலத்தின் நடுவில் போய் நின்றாள். அங்கேயும் பேசவில்லை. ரேடியோவுக்கு வியர்த்தது. மானம் போச்சு என்று நினைத்தார். நூற்று நாற்பத்திரண்டு அடி என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்றாள் பயணிகளிடம். "கேக்குதா? அந்தக் கோடியில மூணாவது பலகை. யார் மிதிச்சாலும் ஒரு சத்தம் போடும். பால்காரர் சைக்கிள்னா ரெண்டு தரம். சந்தையிலிருந்து பாரம் தூக்கிட்டு வர்றவங்கன்னா நீட்டி ஒண்ணு. எங்க வீடு அந்தக் கரையிலதான் இருந்துச்சு. யாரு வர்றாங்கன்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவோம்."

பதினொரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ கோணியுடன் பாலத்தில் ஏறினார்கள். பலகை நீட்டி ஒரு சத்தம் போட்டது. ஒரு பெரியவர், "அட" என்றார்.

குன்றுப் படிகளில் அவள் எண்ணிக்கை சொல்லவில்லை. பாதி வழியில் எல்லோரையும் உட்காரவைத்துக் கீழே காட்டினாள். "காலைல காத்து ஆத்துப் பக்கம் இருந்து வரும். மத்தியானத்துக்கு மேல திரும்பிக் குன்றுல இருந்து இறங்கும். அதான் பாருங்க, எல்லா மாடியிலயும் ரெண்டு துணிக்கொடி கட்டியிருக்கு. காலைத் துணிக்கு ஒண்ணு, சாயங்காலத் துணிக்கு ஒண்ணு. அதோ அந்த நீலச் சுவர் வீட்டுல இன்னைக்கு விருந்தாளி. எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? நாலு போர்வை காயுது."

ரேடியோ அந்த மாடிகளை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாளும் கொடியை எண்ணியதில்லை. இறங்கும்போது ஒரு பெண் அவரைக் காட்டித் தையலம்மாவிடம் மெதுவாக விசாரித்தாள். "பாவம், இவருக்குப் பேச வராதா?"

"வரும்" என்றாள் தையலம்மா. "நல்லாவே வரும்."

எட்டு நாள் இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் மேலாளரே வேனில் வந்து இறங்கினார். சரிப்படுமா என்று பார்க்கத்தான். ரேடியோ கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பாலத்தில் தப்பில்லை, படிகளில் தப்பில்லை. ஆற்று வளைவுக்கு வந்து மொட்டைக் கோபுரத்தின் முன் நின்றார்கள். மற்ற நாட்களில் அவள் அங்கே, இது ரொம்பப் பழசுங்க என்று சொல்லி நகர்ந்துவிடுவாள். அன்று ஒரு பயணி விடவில்லை.

"இங்கதானே இளவரசி தீ ஏத்தினாங்க? எங்க அக்கா வந்துட்டுப் போய்ச் சொன்னா. அந்தக் கதையைச் சொல்லுங்களேன்."

தையலம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். மேலாளர் நிற்கிறார், ஆறு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சொல்லித் தொலையேன். அவளுக்கு அது புரிந்தது. அவள் திரும்பி அந்தக் கரியைப் பார்த்தாள்.

"இளவரசி எல்லாம் இல்லைங்க" என்றாள். "இது சுண்ணாம்புச் சூளை. எங்கப்பா இதுல தீ போடுற வேலை பாத்தாரு."

ரேடியோ இருபத்தைந்து வருஷம் கட்டிய கோட்டை சரிந்தது. அதுவும் மேலாளர் முன்னால். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார், வாய் திறந்துவிட்டது, தொண்டைக்குள் காற்று ஏறிவிட்டது. தையலம்மா ஒரே எட்டில் வந்து உள்ளங்கையால் அவர் வாயை மூடினாள். பத்துப் பேர் பார்க்க.

"ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அப்புறம் எப்பவுமே வராது" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நான் பேசி முடிச்சுடறேன். நில்லுங்க."

கையை எடுக்காமலேயே திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னாள். "தினமும் மத்தியானம் தூக்குப் பாத்திரத்துல சாப்பாடு கொண்டாருவேன். அந்த மேல் கல்லுல உக்காந்துதான் சாப்பிடுவாரு. புருவம், இமை எல்லாம் வெள்ளையா இருக்கும். அந்தச் சுண்ணாம்புலதான் இந்த ஊர் வீடெல்லாம் கட்டினாங்க. நீங்க காலைல சாஞ்சு போட்டோ எடுத்தீங்களே, அந்தச் சந்தைச் சுவர், அதுவும்தான். எனக்குப் பன்னெண்டு வயசிருக்கறப்போ சூளையை அணைச்சுட்டாங்க. அணைச்ச அன்னைக்கு..."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டதாம். ஜனங்கள் கலைந்து வேனுக்கு நடந்தார்கள், போகிற போக்கில் இரண்டு பேர் கோபுரத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேலாளர் வேனில் ஏறும் முன் ரேடியோவிடம் வந்தார். "உங்க கதையும் நல்லாத்தான் இருந்துச்சு சார். இனிமே ரெண்டு பேருமா வாங்க" என்றார். வேலை தப்பித்தது. ஆனால் ரேடியோவுக்கு அந்த நேரம் அது மனசில் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் எழுதினார்: ஏன் என்கிட்ட சொல்லல?

தையலம்மா மெஷினில் உட்கார்ந்து நூலைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். "மூணு தடவ சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. "கல்யாணமான புதுசுல அந்த வழியா வந்தோம். இது எங்கப்பா வேலை பாத்த இடம்னு ஆரம்பிச்சேன். நீங்க ஆத்துல தண்ணி எவ்ளோன்னு சொல்லிட்டு வந்தீங்க. ரெண்டாவது, நீங்க முதல் முதலா இளவரசி கதையைக் கட்டிட்டு வந்து வீட்ல சொன்ன அன்னைக்கு. அது இல்லைங்கன்னேன். இரு, முடிவைக் கேளுன்னீங்க. மூணாவது எங்கம்மா போன அன்னைக்கு. அம்மாவை எடுத்துட்டுத் திரும்பி வர்றப்போ வண்டி அந்த வளைவுல நின்னுச்சு. நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க டிரைவர்கிட்ட பேசிட்டிருந்தீங்க."

நூல் ஊசிக்குள் போகவில்லை. நுனியை நாக்கில் வைத்து நனைத்து மறுபடி கோர்த்தாள். "அப்புறம் நானும் விட்டுட்டேன்" என்றாள்.

மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மாமனார் அவளுடைய சின்ன வயதிலேயே இறந்துபோனவர் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊருக்கெல்லாம் இல்லாத இளவரசியைப் பற்றிச் சொன்னவருக்குத் தன் பெண்டாட்டியின் அப்பாவைப் பற்றி ஒரு வரி தெரியாது. சிலேட்டை அழித்துவிட்டு எழுதினார்: அணைச்ச அன்னைக்கு என்ன ஆச்சு?

அவள் எட்டிப் பார்த்தாள். படித்தாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

"எழுதிக் கேட்டா சொல்ல மாட்டேன்" என்றாள். "வாய் இருந்தப்போ கேக்கல. வாய் வரட்டும், வாயால கேளுங்க."

அன்றிலிருந்து அவருக்குக் குரல் வர வேண்டும் என்ற கவலை வேறு விதமாகிவிட்டது. அதுவரை கொடி, வேன், இருநூற்றுப் பதினேழு படி என்று நினைத்துத்தான் பயந்தார். இப்போது ஒரே ஒரு கேள்வி. அது வெளியே வராமலே போய்விட்டால்? இருமல் வந்தால் துண்டை வாயில் பொத்திக்கொள்வார். டாக்டரம்மா சொன்ன வெந்நீர், ஆவி, எல்லாம் மணி தவறாமல் நடந்தது. சாப்பிடும்போது அவள் ஏதாவது சொன்னால் கையை அப்படியே சோற்றில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். அவள் முதலில், "என்ன, உப்பு பத்தலயா?" என்று கேட்டாள். உப்பு சரியாக இருந்தது. அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். போகப் போக அவளும் பேசினாள். நாலாம் வகுப்புச் சீருடையை விட ஐந்தாம் வகுப்புக்கு எவ்வளவு துணி கூட வேண்டும், எந்தப் பையன் எந்தப் பக்கம் தோள் இறக்கி நடப்பான், அதற்கு எப்படி வெட்ட வேண்டும். ஒரு நாள் பேசிக்கொண்டே சிரித்துவிட்டாள். இவளுக்குச் சிரித்தால் மேல்பல் ஒன்று லேசாக வெளியே தெரியும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

இருபத்தோராம் நாள் காலை டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயை விட்டுப் பார்த்து, புண் ஆறியிருக்கிறது என்றார். "ஆனா ஆறினது வேற, குரல் வர்றது வேற. பாப்போம். மெதுவா, அழுத்தாம, ஒரு ஆ சொல்லுங்க."

ரேடியோ தலையை ஆட்டிவிட்டார். மாட்டேன் என்று.

"சொல்லணுங்க. அப்பதான் தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தையலம்மா பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். இரண்டாம் தடவை, துருப்பிடித்த கதவு போல, பாதி காற்றும் பாதி குரலுமாக வந்தது.

"அன்னைக்கு... என்ன ஆச்சு உங்கப்பாவுக்கு?"

"ஐயா, நான் ஆ சொல்லச் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. தையலம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. டாக்டரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், கொஞ்சமாகப் பேசுங்கள், மாதம் ஒரு தடவை வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அவள் சொன்னாள்.

"கடைசித் தீயை அணைச்சுட்டு எல்லாரும் போயிட்டாங்க. அப்பா மட்டும் அந்தக் கல்லுலயே உக்காந்திருந்தாரு. வாங்கப்பா போலாம்னேன். கையை நீட்டினாரு. நீட்டின கை என் பக்கம் வரல, வேற பக்கம் போச்சு. அப்பதான் எனக்குத் தெரியும். சுண்ணாம்பு கண்ணைத் தின்னுடுச்சு. ரொம்ப மாசமாவே சரியாத் தெரியலயாம், வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. பழக்கத்துல தீ போட்டுட்டு இருந்திருக்காரு. நான்தான் கையைப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வழி பூரா கேட்டுக்கிட்டே வந்தாரு. இடது பக்கம் என்ன? வலது பக்கம் யாரு போறா? நான் சொல்லிக்கிட்டே வந்தேன். அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு சுத்து. சந்தை, பாலம், படி வரைக்கும். நாலு வருஷம், அவரு போற வரைக்கும். எந்த வீட்ல என்ன துணி காயுதுன்னு கூடக் கேப்பாரு. பாலத்துப் பலகையை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் எவ்ளோ சொன்னாலும் கேப்பாரு. ஒரு வார்த்தை விட மாட்டாரு. அவருக்கப்புறம் யாருகிட்டயும் அப்படிப் பேசினதில்லைங்க."

ரேடியோ அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார், நாலு பேர் பார்க்க அப்படிப் பிடித்துப் பழக்கமே இல்லாத மனிதர். ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். வேண்டாம் என்று கையசைத்து அனுப்பிவிட்டு எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, தலை சுத்துதா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். அந்தத் துருப்பிடித்த குரலில், டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சமாக, "இடது பக்கம் என்ன?" என்று கேட்டார்.

அவள் அவர் கையைத் தன் முழங்கைக்குள் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"இடது பக்கம் மருந்துக்கடை. ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்காங்க. இங்க ஒரு பள்ளம் இருக்கு, காலைத் தூக்கி வைங்க. கடைக்கு மேல மாடியில ஒரு அம்மா பச்சைப் புடவை காயப் போடறாங்க. காத்து ஆத்துப் பக்கம் இருந்துதான் வருது."